இழுத்தால் வேகம், தள்ளினால் வேகம்

2 ஆகஸ்ட் 1920, திங்கள்
லுவூஃப் நகருக்குக் கிழக்கே, ஒரு பீட்ரூட் வயல்

இந்த நோட்டு உதிரிபாகப் பட்டியல் எழுதுவதற்காகக் கொடுத்தது. உதிரிபாகம் எதுவும் வருவதில்லை. அதனால் நோட்டு எனக்கு மிஞ்சியது.

நான் காஸ்பர் ஹூத்னிக், கார்ப்பொரல், விமான மெக்கானிக். வேலை பழகியது ரயில் பட்டறையில். ரயில் என்ஜின் நின்றுபோனால் நின்ற இடத்திலேயே நிற்கும். விமானத்துக்கு அந்த மரியாதை தெரியாது.

நம் போலந்து வரைபடத்துக்குத் திரும்பி வந்து இன்னும் இரண்டு வருஷம் முடியவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் மூன்று சக்கரவர்த்திகள் அதைப் பங்கு போட்டு வைத்திருந்தார்கள். ஆகவே நம் விமானப் படையில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு சக்கரவர்த்தியிடம் பறக்கப் பழகியவர்கள். எங்கள் தலைவர் கேப்டன் வில்ச்செக், என்னைப் போல, ஆஸ்திரியப் பட்டாளம். லெப்டினன்ட் ஸெனோன் ரஷ்ய ஜார் மன்னருடைய பட்டாளம். விமானங்களும் ஆஸ்திரியர்கள் ஓடியபோது விட்டுப்போனவை. மொத்தம் ஆறு, அதில் பறப்பவை நான்கு. கிழக்கிலிருந்து வரும் செம்படைக் குதிரைவீரர்களை இந்த நான்கைக் கொண்டு நிறுத்த வேண்டுமாம்.

ஓட்டுபவரின் இடது கைப் பக்கம் ஒரு பிடி இருக்கும். என்ஜினுக்கு வேகம் கூட்டுவதும் குறைப்பதும் அதுதான். எங்கள் ஆஸ்திரிய வழக்கத்தில் முன்னால் தள்ளினால் வேகம் கூடும். ஸெனோன் ஜார் பட்டாளத்தில் ஓட்டியதோ பிரெஞ்சு விமானம். அதில் பின்னால் இழுத்தால்தான் வேகம். நான்கு வருஷம் இழுத்துப் பழகிய கை. மூன்றாம் நம்பர் விமானத்தைக் கேப்டனும் அவரும் மாறி மாறி ஓட்டுகிறார்கள். எனவே நான் ஓர் ஏற்பாடு செய்தேன். பிடியிலிருந்து என்ஜினுக்குப் போகும் கம்பியைக் கழற்றி எதிர்ப்பக்கத்துத் துளையில் மாட்டினால் திசை மாறிவிடும். கால் மணி நேர வேலை. கேப்டன் பறக்கும் நாளில் ஒரு துளை, ஸெனோன் பறக்கும் நாளில் இன்னொன்று. இதைக் கண்டுபிடித்தபோது எல்லோரும் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள்.

எனக்கு நானே குழி வெட்டிக்கொண்டது பிறகுதான் தெரிந்தது. கேப்டன் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். என்ஜினில் எதைக் கழற்றி மாட்டினாலும், மாட்டியவன் பின் இருக்கையில் ஏறி ஒரு சுற்றுப் பறந்து வர வேண்டும். அப்போதுதான் ஒழுங்காக முடுக்குவானாம். ஆக, கம்பியை மாற்றும் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு சுற்று உண்டு.

எழுதித்தான் ஆக வேண்டும், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. எனக்குப் பறக்கப் பயம். சாதாரணப் பயம் இல்லை. சக்கரம் தரையை விட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிடுகிறேன். இறங்கியதும் எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே ஒரு சிகரெட் பற்ற வைக்கிறேன். தைரியசாலி என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

3 ஆகஸ்ட், செவ்வாய்

காலையில் கேப்டன் மூன்றாம் நம்பரில் போய்வந்தார். இறக்கைத் துணியில் ஏழு குண்டுத் துளைகள். ஒட்டுப் போட்டேன். அந்தப் பசை வாடையில் மதியச் சாப்பாடு இறங்கவில்லை. இறங்கியிருந்தாலும் முட்டைக்கோஸ்தான்.

நாளை ஸெனோன் முறை. கம்பியை மாற்ற வேண்டும். கேப்டன் ஊருக்குள் போய்விட்டார். நான்கு மணிக்கு இடி இடித்துக் கொட்டித் தீர்த்தது மழை. வயலெல்லாம் சேறு. எனக்கு வயிறு சரியில்லை. பதிவேட்டை எழுதி முடித்துவிட்டுப் படுத்தேன். மற்றதைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

4 ஆகஸ்ட், புதன்

லெப்டினன்ட் ஸெனோன் இறந்துவிட்டார்.

விடியும்போதே தகவல் வந்தது. குதிரைப்படை ஆற்றைக் கடக்கிறது, தலைமையகத்துக்கு உடனே கடிதம் போக வேண்டும். சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் ஓடி வந்து தனியாக ஏறினார். பெட்ரோல் கிடங்குக்காரன் ஹ்ரின்கோ பீப்பாயை உருட்டி வந்து ஊற்றினான். வழக்கம் போல நான் மான்தோலில் வடிகட்டினேன்; தண்ணீர் இருந்தால் தோலிலேயே நின்றுவிடும். என்ஜின் நன்றாகவே பிடித்தது. கிளம்பும் முன் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். நான் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டைகளை இழுத்தேன்.

வயல் கோடியில் பாப்லர் மரங்களைத் தாண்டப் போகும்போது என்ஜின் சத்தம் தேய்ந்தது. விமானம் மூக்கு கீழே சாய்ந்து மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. பிறகு புகை.

என்ஜின் கோளாறு என்கிறார்கள். இருக்கலாம். பழைய என்ஜின்.

5 ஆகஸ்ட், வியாழன்

அடக்கம் செய்தோம். பெட்டியில் கனமே இல்லை. பாதிரியார் இலத்தீனில் சொன்னதற்கெல்லாம் நான் ஆமென் சொன்னேன்.

மாலையில் கேப்டன் கூப்பிட்டு அனுப்பினார். மேஜை மேல் மூன்றாம் நம்பரின் பதிவேடு விரித்திருந்தது.

"மூணாம் தேதி சாயங்காலம் கம்பி மாத்தி, ஸெனோன்கூட ஒரு சுத்து போயிட்டு வந்ததா எழுதியிருக்கே."

"ஆமாங்க, கேப்டன்."

"அன்னைக்கு டவுன்ல கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சு. இங்க மழை இல்லையா?"

"தூறல்தாங்க."

அவர் பதிவேட்டை மூடினார். "ஏதாவது சொல்லணும்னா எப்ப வேணா வா, ஹூத்னிக்."

"ஒண்ணுமில்லைங்க."

மழை பெய்ததா என்று முகாமில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அவர் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

6 ஆகஸ்ட், வெள்ளி

வால்வு தேய்த்தேன். நாள் முழுக்க வால்வு தேய்த்தேன்.

7 ஆகஸ்ட், சனி

டிவிஷனிலிருந்து ராணுவப் போலீஸ் வந்தார்கள். பெட்ரோல் பீப்பாயைச் சாய்த்து அடியில் ஒரு கரண்டி தண்ணீர் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். எந்தப் பீப்பாயைச் சாய்த்தாலும் அந்த ஒரு கரண்டி இருக்கும். அதற்குத்தானே வடிகட்டுகிறோம்.

ஹ்ரின்கோவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவன் ருத்தேனியன், போலந்துக்காரன் இல்லை; பக்கத்து ஊர்க்காரன். அண்ணன் எதிர்ப்பக்கப் பட்டாளத்தில் இருக்கிறானாம். இது போதாதா? பெட்ரோலில் தண்ணீர் கலந்து விமானத்தை விழவைத்த உளவாளி என்று எழுதிக்கொண்டார்கள். இழுத்துப்போகும்போது அவன் தொப்பி கீழே விழுந்தது. குனிந்து எடுக்கவும் விடவில்லை.

பீப்பாய்க்கு அரக்கு முத்திரை வைத்திருக்கிறார்கள். ஹ்ரின்கோவைப் பீட்ரூட் கொட்டகையில் பூட்டியிருக்கிறார்கள்.

8 ஆகஸ்ட், ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. காலுறை துவைத்தேன்.

9 ஆகஸ்ட், திங்கள்

இன்று என்னை விசாரித்தார்கள். சார்ஜென்ட் மரியாதையாகவே பேசினார், சிகரெட் கொடுத்தார். என்ஜின் எப்படி என்று கேட்டார். சொன்னேன். கம்பி மாற்றியது பற்றிக் கேட்டார். பதிவேட்டில் இருக்கிறது என்றேன். அன்று காலை பெட்ரோலை வடிகட்டினாயா என்று கேட்டார். அவசரத்தில் ஞாபகம் இல்லை என்றேன்.

வடிகட்டினேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். பெட்ரோல் சுத்தமென்றால் வேறு என்ன காரணம் என்று வரும். அதனால்தான். இது ஒரு சின்ன விஷயம், இதை வைத்துப் பெரிதாக எதுவும் ஆகிவிடாது.

10 ஆகஸ்ட், செவ்வாய்

ஹ்ரின்கோவுக்கு ரொட்டி கொண்டுபோகும் முறை இன்று எனக்கு வந்தது. காவல்காரன் கதவை ஒரு முழம் திறந்தான். உள்ளே மண் வாடை. ஹ்ரின்கோ எழுந்து நின்றான். இந்த முகாமில் என்னைப் "பான்" போட்டு மரியாதையாகக் கூப்பிடுகிறவன் அவன் ஒருவன்தான்.

"பான் காஸ்பர், அன்னைக்குக் காலையில நீங்கதானே வடிகட்டினீங்க? நான் தோலைப் பிடிச்சுக்கிட்டு நின்னேனே. ஒரு சொட்டுத் தண்ணிகூட நிக்கலை."

"ஆமா."

"அதை மட்டும் சொல்லிட்டீங்கன்னா போதும், விட்டுருவாங்க. உங்களை விசாரிச்சாங்களா?"

"விசாரிச்சாங்க."

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன், ஹ்ரின்கோ."

அவன் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "எனக்குத் தெரியும். நீங்க இருக்கீங்கன்னு நேத்து நல்லாத் தூங்கினேன்."

நான் திரும்பி வந்து பட்டறையில் உட்கார்ந்தேன். எதையும் தொடவில்லை.

11 ஆகஸ்ட், புதன்

கிழக்கே பீரங்கிச் சத்தம். நேற்றைவிடக் கிட்டத்தில் கேட்கிறது.

சனிக்கிழமை அவசர நீதிமன்றம் கூடுகிறது. ஒரு மேஜர் வருகிறார். உளவு வழக்கில் இந்த நீதிமன்றத்துக்கு இரண்டே தீர்ப்பு: ஒன்று விடுதலை, இல்லையென்றால் அன்றைக்கே சுட்டுவிடுவது. அடுப்படியில் இதைப் பேசிக்கொண்டே உருளைக்கிழங்கு உரித்தார்கள். நானும் உரித்தேன்.

விமானத்தில் ஊற்றிய பெட்ரோலில் தண்ணீர் இல்லை. உலகத்தில் வேறு யாரைவிடவும் எனக்கு அது நன்றாகத் தெரியும். உண்மையைச் சொன்னால் சுடுவதற்குச் சுவரோரம் நான் நிற்க வேண்டும். சொல்லாவிட்டால் அவன் நிற்பான். சொல்லாமலே அவனைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தாக வேண்டும் என்று காலையிலிருந்து மண்டையை உடைத்துக்கொள்கிறேன். ஒன்று தோன்றியிருக்கிறது.

12 ஆகஸ்ட், வியாழன்

கேப்டனிடம் போனேன்.

"முத்திரை வெச்ச பீப்பாய்ல இன்னும் பாதி இருக்குங்க. அதையே ஊத்தி ஒரு விமானத்தை ஏத்திப் பார்த்துடலாம். என்ஜின் ஒழுங்கா ஓடினா ஹ்ரின்கோ மேல குத்தம் இல்லைன்னு ஆயிடும்."

"நல்ல யோசனை. தண்ணி கலந்திருந்தா?"

"நான் பின்னாடி உட்கார்றேங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயா?"

"நம்ம வழக்கம்தானேங்க."

"சரி. நானே ஓட்டறேன். மேஜரை நாளைக்கே வரச் சொல்றேன்."

செய்தி பரவிவிட்டது. சமையல்காரன் எனக்கு மட்டும் ஒரு துண்டு பன்றிக்கொழுப்பு வைத்தான். தண்ணீர் கலந்த பெட்ரோலில் பறக்கத் துணிந்தவனாம் நான். சுத்தமான பெட்ரோல் என்று தெரிந்துதான் துணிந்தேன் என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்துமே பயம் போகவில்லை, அது வேறு.

13 ஆகஸ்ட், வெள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

மேஜர் காலை ஒன்பது மணிக்கு வந்தார். அவர் முன்னாலேயே முத்திரையை உடைத்து ஐந்தாம் நம்பரில் ஊற்றினோம். ஹ்ரின்கோவைக் கட்டிய கையோடு கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். நான் பின் இருக்கையில் ஏறினேன். வார்ப்பட்டையை மூன்று தடவை தவறான கொக்கியில் மாட்டினேன். வேறொருவன் வந்து மாட்டிவிட்டான்.

என்ஜின் சீராக ஓடியது. சக்கரம் தரையை விட்டது. வழக்கம் போலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

பாப்லர் மரங்களுக்கு மேல் வந்ததும் என்ஜின் சத்தம் தேய்ந்தது.

கண்ணைத் திறந்தேன். கேப்டன் பிடியைப் பாதியில் வைத்திருந்தார். என்ஜின் முனகியது. கம்பிகளில் காற்று ஊளையிட்டது. விமானம் கீழே இறங்கியது, ஸெனோன் விழுந்த அதே இடத்தில். கேப்டன் இடது கையைப் பிடியிலிருந்து எடுத்து மேலே தூக்கிக் காட்டினார். தலையைத் திருப்பி என்னைப் பார்த்துக் கத்தினார்.

"வேகம் எந்தப் பக்கம், ஹூத்னிக்?"

"முன்னாடி! தள்ளுங்க! கேப்டன், தள்ளுங்க!"

"இது எனக்கு. அன்னைக்கு ஸெனோனுக்கு எந்தப் பக்கம்?"

மர உச்சிகள் தெரிந்தன. இலை இலையாகத் தெரிந்தன. நான் கதறினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"முன்னாடி! அவருக்கும் முன்னாடிதான்! மாத்தலை, நான் மாத்தலை!"

அவர் பிடியைத் தள்ளினார். என்ஜின் உறுமியது, மேலே ஏறினோம். முழுச் சுற்றும் நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் திரும்பவே இல்லை.

அன்று என்ன நடந்தது என்றால் இதுதான். மூன்றாம் தேதி மழையில் அந்தச் சுற்றுப் பறக்க எனக்குத் தைரியம் இல்லை. கம்பியை மாற்றினால் பறந்தாக வேண்டும். அதனால் மாற்றவே இல்லை. மாற்றியதாகவும் பறந்ததாகவும் எழுதிவிட்டு, விடிந்ததும் யாரும் பார்க்காமல் மாட்டிவிடலாம் என்று படுத்தேன். நான் போய் மாட்டுவதற்குள் ஸெனோன் ஓடி வந்துவிட்டார். என்ஜினைச் சூடுபண்ணும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. பிடியைச் சுட்டிக்காட்டி, உள்ளங்கையை விரித்து, என்னய்யா இது என்று என்னைக் கேட்டார். அவர் கையைக் காட்டியது அதற்குத்தான், விடைபெறுவதற்கு இல்லை. கால் மணி நேரம் பொறுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள். பரவாயில்லை, போகலாம் என்று தலையாட்டினேன். அவர் சிரித்தார். கட்டைகளை இழுத்தேன். கிளம்பும்போது நினைவாகத் தள்ளித்தான் ஏறினார். மரங்களைக் கண்டதும் இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டியிருந்திருக்கும். பயத்தில் கை பழைய பழக்கப்படி இழுத்திருக்கும்.

தரையிறங்கினோம். கேப்டன் இருக்கையை விட்டு எழாமலே மெதுவாகச் சொன்னார். "மேல சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது. கீழ சொல்றது உன் பாடு."

மேஜருக்குத் திருப்தி. "பெட்ரோல் நல்லாத்தான் இருக்கு. அப்ப எப்படி விழுந்தார்?"

கேப்டன் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். மேஜரே சொல்லிக்கொண்டார்: "ஜார் பட்டாளத்து ஆளுதானே. நம்ம மெஷின் கைக்குப் பழகியிருக்காது. ஓட்டினவர் தப்புன்னு எழுதிடுங்க."

அவ்வளவுதான், முடிந்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். நின்றேன். உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது, அதையும் எழுதுகிறேன்.

ஹ்ரின்கோவின் கட்டை அவிழ்த்தார்கள். அவன் நேரே ஓடி வந்து முட்டி போட்டு என் கையைப் பிடித்து முத்தமிட்டான். "எனக்காக உசிரைக் கொடுக்கப் பார்த்தாருங்க! பான் காஸ்பருக்குப் பயம்னா என்னன்னே தெரியாதுங்க, மேஜர்!"

கையை உருவப் பார்த்தேன், விடவில்லை. அவன் கண்ணீர் என் விரலில் ஒழுகியது. அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

"ஸெனோன் மேல தப்பு இல்லைங்க" என்றேன். "கம்பியை நான் மாத்தலை. பதிவேட்டுல பொய் எழுதினேன். பெட்ரோலை வடிகட்டினேன், அதையும் மறைச்சேன்."

ஹ்ரின்கோ தலையை நிமிர்த்திப் பார்த்தான். பிறகு என் கையை விட்டான். எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு கிடங்குப் பக்கம் நடந்தான்.

14 ஆகஸ்ட், சனி

நீதிமன்றம் எனக்காகக் கூடியது. பள்ளிக்கூட மேஜை, மேஜர், ஒரு எழுத்தர். பீரங்கிச் சத்தத்தில் மைக்கூடு ஆடியது. நாளை முகாமே இடம் மாறுகிறது, எல்லோருக்கும் அவசரம்.

எழுத்தர் நான் சொன்னதை எல்லாம் எழுதினார். ஸெனோன் குற்றமற்றவர். ஹ்ரின்கோ குற்றமற்றவன். இரண்டையும் வாசித்துக் காட்டச் சொன்னேன், வாசித்தார். கடைசியில் காரணம் என்று ஓர் இடம் இருந்தது.

"ஏன் மாத்தலை?"

"பயம்" என்றேன். "மாத்தினா பறக்கணும். பறக்கப் பயம்."

எழுத்தர் பேனாவை நிறுத்திவிட்டு மேஜரைப் பார்த்தார். மேஜர் கேப்டனைப் பார்த்தார். கேப்டன் எழுந்து என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"போர்க்களத்துல கடமையைப் பயத்தால விட்டேன்னு எழுதினா, அதுக்குப் பேரு கோழைத்தனம். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சுட்டுருவாங்க. கவனக்குறைவுன்னா ஆறு மாசம் சிறை, அதுவும் போர் முடிஞ்சப்புறம். எனக்கு இருக்கிறது ஒரே ஒரு மெக்கானிக். யோசிச்சுச் சொல்லு."

"ஆனா நடந்தது அது இல்லைங்களே, கேப்டன்."

"எனக்குத் தெரியும்."

எழுத்தர் ஒரு சொல்லை எழுதி, மை உறிஞ்சும் தாளை ஒற்றி, காகிதத்தை என் பக்கம் திருப்பினார். கவனக்குறைவு என்று இருந்தது. அழகான கையெழுத்து. ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கூடச் சுவர் தெரிந்தது, வெள்ளையடித்த சுவர், அதன் எதிரே ஆறு பேர் துப்பாக்கியைத் தோளில் சாத்திக்கொண்டு சும்மா பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் கவனமில்லாதவன் இல்லை. பன்னிரண்டு வருஷமாக ஒரு திருகாணியைக்கூட நான் கவனமில்லாமல் முடுக்கியதில்லை. இதை எழுத்தரிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த ஆறு பேரில் ஒருவன் எதற்கோ சிரித்தான்.

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். பயந்துதான் போட்டேன்.